அத்தர் போட்ட புட்டிகள்

அற்புதராஜைப் பற்றி நினைத்தாலே முதலில் எனக்குக் கோபம்தான் வரும். அவர் கண்மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. செத்தவர்மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்கிறார். வைத்திருக்கிறேன், என்ன செய்வது.

காரைக்காலில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரி சின்னது, பேர் வேண்டாம். சமையல்கட்டுக்கு விறகு அடுக்கும் கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அதுதான் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். சைகோனில் பழகிய வழக்கத்தில் அதை 'லபோ' என்பார். நோயாளிகளின் மலத்தை வாங்கி, அதிலிருக்கும் கிருமிகளைத் தட்டில் வளர்த்து, இன்ன நோய் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஊரில் அவருக்கு 'பீ டாக்டர்' என்று பெயர். அதற்கு அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான் சுளித்தேன், ஏனென்றால் வீடுவீடாகப் போய்ப் புட்டி வாங்கி வந்தது நான். அந்தப் பட்டத்தில் பாதி எனக்கும் வந்து சேர்ந்தது.

அற்புதராஜ் பிறந்தது தலத்தெருவில். அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் சேவகர். பத்தொன்பது வயதில் கப்பலேறி சைகோனுக்குப் போனார். அங்கே ஒரு கிருமி ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. கழுவிக்கொண்டே பார்த்தார், பார்த்துக்கொண்டே கற்றார். பதினாறு வருஷத்தில் அங்கிருந்த துரைகளே சந்தேகம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார் என்று அவர் சொல்லவில்லை, அவரோடு ஊர் திரும்பியவர்கள் சொன்னார்கள். சைகோனிலிருந்து வந்தவர்கள் பட்டு கொண்டு வந்தார்கள், கிராமபோன் கொண்டு வந்தார்கள், மச்சுவீடு கட்டினார்கள். இவர் ஒரு மைக்ராஸ்கோப்பும் ஒரு பெட்டி நிறைய நோட்டுப்புத்தகமும் கொண்டு வந்தார்.

மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பனார் மரியாதைக்கு "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்" என்று கேட்பார். "ஆஸ்பத்திரியில்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்க வேண்டியதுதானே? இவர் விளக்குவார். மனுஷக் குடலில் என்னென்ன கிருமி குடியிருக்கிறது, அவற்றைத் தான் எப்படி வளர்க்கிறார், எந்தெந்த வாடை எதைக் குறிக்கும் என்று, பலகாரத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு. மூன்று இடமும் பலகாரத்தோடு முடிந்தது.

ஆஸ்பத்திரி வேலை போக அவருக்கென்று ஓர் ஆராய்ச்சி உண்டு. நோயாளியை விட்டுவிட்டு, நோயில்லாதவர்களின் வயிற்றைப் பார்ப்பது. கிளிஞ்சல்மேட்டு மீனவர், போலகத்துக் குடியானவர், கடைத்தெரு வியாபாரி என்று பிரித்துப் பிரித்து எழுதியிருந்தார். "ஒவ்வொரு வயித்துக்குள்ளயும் ஒரு ஊரே இருக்கு, அமலராணிம்மா. அந்த ஊர்க்காரங்க ஒழுங்கா குடியிருந்தாங்கன்னா வெளியூர்க் கிருமி வந்து குந்த எடம் கெடையாது" என்பார். எனக்குச் சோறு இறங்காது. ஆனால் காரியம் என்னவென்று எனக்கும் புரிந்துபோயிற்று. அவர் ஊற்றும் தட்டில் பாகு மாதிரி ஒரு கூழ் இருக்கும். வயிற்றில் வழக்கமாகக் குடியிருக்கும் கிருமிகள் அதில் சிவப்புப் புள்ளியாக முளைக்கும். டைபாய்டுக் கிருமி நீலமாக முளைக்கும். இவ்வளவுதான், இதற்குத்தான் அத்தனை நோட்டுப்புத்தகம்.

கொடி மாறி இந்திய சர்க்கார் வந்தபிறகு அந்தக் கூழுக்கு வேண்டிய சாமான் புதுச்சேரியிலிருந்து வருவது நின்றுபோனது. பழைய விண்ணப்பப் பாரத்தில் கேட்டால் புது பாரத்தில் கேள் என்றார்கள். புது பாரத்தில் அந்தச் சாமானுக்குக் கட்டமே இல்லை. ஆறு மாதம் எழுதி எழுதிக் கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடந்தது. கடைசியில் அவரே கண்டுபிடித்தார்: நோன்பு நாளில் மரைக்காயர் வீடுகளில் இனிப்பாகச் செய்கிற கடற்பாசியும் இதுவும் ஒன்றுதான். ஆனால் அவர் காய்ச்சினால் கலங்கலாக வந்தது. கல்யாண வீடுகளுக்குக் கடற்பாசி காய்ச்சிக் கொடுக்கும் பத்ருன்னிசாவிடம் போய் நின்றார். புருஷனை இழந்த பெண், சமையல்தான் அவள் பிழைப்பு. துணியை இரண்டு மடிப்பாக்கி, பிழியாமல், தானாக வடிய விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அதன்பிறகு அவருடைய தட்டுகள் கண்ணாடியாக இருந்தன.

அந்த வருஷம் ஆவணியில் பள்ளிவாசல் தெருவில் காய்ச்சல் கண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு. முதலில் இரண்டு பிள்ளைகள், பிறகு ஐந்து, பிறகு பதினொன்று. எல்லாம் டைபாய்டு. பத்ருன்னிசாவின் மகள் ஆரிபாவும் அதில் ஒன்று. ஆறு வயது. மற்ற பிள்ளைகள் மருந்துக்கு மெல்ல மெல்லத் தெளிந்தார்கள். இவள் மட்டும் துவண்டுகொண்டே போனாள்.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். வெளியூர்க்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். வந்த அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். காய்ச்சல் கண்ட வீடுகள் அத்தனையும் அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கின்றன. அங்கே கடற்பாசி செய்தது பத்ருன்னிசா. தனக்கு நோய் தெரியாமலேயே கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டு, கை வழியாகப் பரப்புகிறவர்கள் உண்டு. ஆகவே அவள்தான்.

"கல்யாணத்துல பெரியவங்களும் சாப்பிட்டிருப்பாங்களே சார். அவங்கள்ல ஒருத்தருக்குக்கூட வரலையே" என்றார் அற்புதராஜ்.

"இனிப்பு பிள்ளைங்கதான்யா ஜாஸ்தி தின்னும்" என்றார் அதிகாரி.

உத்தரவு போட்டார். பத்ருன்னிசா எந்த வீட்டிலும் சமைக்கக் கூடாது. வார்டில் தன் மகளுக்குக்கூடக் கஞ்சி ஊட்டக் கூடாது, உள்ளே வரக் கூடாது. அதை நிறைவேற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காலையில் அவள் வருவாள். "வெளிய நில்லுங்க" என்பேன். நிற்பாள். நான் உள்ளே போய் அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுவேன். அது உதட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். தாடையைப் பிடித்து ஊற்றினால் பாதி காதோரம் வழியும். வாசலில் நின்று தாய் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும், பிள்ளைமேல், தாய்மேல், அதிகாரிமேல், எல்லார்மேலும்.

"ஒரு வாய் நான் குடுத்தா முழுங்கிடுவா நர்ஸம்மா" என்றாள் ஒருநாள்.

"உத்தரவு இல்லம்மா" என்றேன்.

அற்புதராஜ் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அறிக்கை முடிந்துவிடும். அவள் பெயரைப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, ஏதோ ஒன்று முடியும். இவர் அசையவில்லை. "கண்ணால பாக்காம எழுத மாட்டேன்" என்றார். தெரு முழுக்கப் புட்டி வாங்கச் சொன்னார். பிள்ளைகளோடு புழங்கும் எல்லாரும் தர வேண்டும், ஆஸ்பத்திரி ஆட்களும் தர வேண்டும் என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருமுனையில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் நிலையம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாகப் பால்பவுடர் வரும். தினம் காலையில் அண்டாவில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் அதைக் கரைத்துக் கொடுப்பது நான். பவுடர் கட்டிகட்டியாக நிற்கும், கையை விட்டுத்தான் கரைப்பேன். கையைக் கழுவிவிட்டுத்தான். அற்புதராஜ் பவுடரைச் சோதித்தார், ஒன்றும் இல்லை. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார், அதிலும் நீலம் இல்லை. "பாலைக் கரைக்கிறது யாரு?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "சரி, நீங்களும் ஒரு புட்டி குடுத்துடுங்க" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

தினமும் எதிரே உட்கார்ந்து பேசும் ஆணிடம், பெயர் ஒட்டிய புட்டியில் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? என் உடம்பு கூசிப்போயிற்று. நான் தங்கியிருந்தது என் அக்கா ஜெயமேரி வீட்டில். அவள் கைக்குழந்தையின் துணியிலிருந்து எடுத்துப் புட்டியில் போட்டு, 'அமலராணி' என்று எழுதி, மற்ற புட்டிகளோடு வைத்துவிட்டேன். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

பள்ளிவாசல் தெருவிலிருந்து நாற்பத்துமூன்று புட்டி வந்தது. ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் சுற்றி, நூல் கட்டி, தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து லபோவுக்குப் போனால் அற்புதராஜ் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசை முழுக்கத் தட்டுகள். எல்லாம் வெறுமையாக, பத்ருன்னிசா சொன்னபடி வடித்த கூழ் பளபளவென்று இருந்தது.

"நீலம் இல்லைன்னா நல்லதுதானே சார்?" என்றேன்.

"செவப்பும் இல்லையே அமலராணிம்மா! உசுரோட இருக்கிற மனுஷன் வயித்துல செவப்பு மொளைக்காம இருக்காது. இந்தத் தெருவுல நாப்பத்துமூணு பேரும் பொம்மையா? இல்ல, புட்டியில என்னத்தையோ கலந்திருக்காங்க. போய்க் கேளுங்க."

போனேன். பத்ருன்னிசா வீட்டுக்குத்தான் முதலில் போனேன். "புட்டியில என்ன போட்டீங்க?" என்றேன். அவளுக்கு நான் ஏன் சத்தம் போடுகிறேன் என்றே புரியவில்லை.

"அத்தர்தான் நர்ஸம்மா. அதுல கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்திக் கழுவி, ரெண்டு சொட்டு அத்தர் விட்டோம். நஜீஸாச்சே, அசுத்தத்தை அப்படியே ஒரு மனுஷர் கையில எப்படிக் குடுக்கிறது? அவுரு மூக்கைப் பிடிச்சா எங்களுக்குல்ல மரியாதக் கொறவு."

"எல்லாருமா போட்டாங்க?"

"நாந்தான் சொன்னேன், போடுங்கன்னு. மேல வீட்டுல பன்னீரும் சேத்தாங்க. காதர் பாட்சா மாமா வூட்டுல அத்தர் தீந்துபோச்சுன்னு பினாயில் விட்டாங்களாம்."

நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். குற்றம் சாட்டப்பட்டவளே தன்னைக் காப்பாற்றும் சாட்சியை வாசனை போட்டுக் கொன்றிருக்கிறாள், அதுவும் நாற்பத்துமூன்று வீட்டுக்கும் சேர்த்து. திரும்ப வாசல் வாசலாக நின்று, கழுவாதீங்க, கலக்காதீங்க, நாறினா நாறட்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, பச்சைப் பிள்ளைகள் சாகக் கிடக்கிறபோது மானம் என்ன மானம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். ஊருக்குத்தானே உபதேசம்.

இரண்டாம் தடவை புட்டிகள் ஒழுங்காக வந்தன. தட்டுகளில் சிவப்பு பொரிந்து தள்ளியது. நீலம் மட்டும் ஒன்றிலும் இல்லை. பத்ருன்னிசாவிடம் மட்டும் அவர் மூன்று தடவை, வெவ்வேறு நாளில் புட்டி வாங்கிப் பார்த்தார். இல்லை. அதிகாரியிடம் சொன்னதற்கு, "கிருமி ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வேற ஆளைக் காட்டுய்யா, இவளை விட்டுடறேன்" என்று பதில் வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி நின்ற இடத்திலேயே நின்றது, வார்டு வாசலில்.

இதற்கு நடுவில் அற்புதராஜ் செய்த இன்னொரு காரியம் என்னை எரிச்சலின் உச்சிக்குக் கொண்டுபோயிற்று. ஒருநாள் பால் நிலையத்துக்கு வந்து நீளமான அகப்பை ஒன்றை என்னிடம் கொடுத்தார். இனிமேல் இதனால்தான் கரைக்க வேண்டும், கரைத்தபிறகு பாலை ஒரு கொதி விட வேண்டும் என்றார்.

"பன்னெண்டு வருஷமா நர்ஸ் வேல பாக்குறேன். எனக்குப் பால் கரைக்கச் சொல்லித் தராதீங்க" என்றேன்.

"சொல்றதைச் செய்யுங்கம்மா" என்றார். அவர் என்னிடம் குரலை உயர்த்திய ஒரே தடவை அதுதான். முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

மூன்று வாரம் போயிற்று. தெருவில் புதிதாக ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் இல்லை. ஆனால் ஆரிபா தேறவில்லை. காய்ச்சல் விட்டும் சாப்பாடு இறங்கவில்லை. கையும் காலும் விறகுக்குச்சி. பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு மூன்று நாளில் இது சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். நான் லபோவுக்கு ஓடினேன்.

"சார், கையெழுத்துப் போட்டுடுங்க. அவகிட்ட இல்லைன்னு எழுதுங்க. தாய் கையால ஒரு வாய் வாங்கட்டும் அந்தப் பிள்ளை!"

"எழுதி அனுப்பிட்டேன், ரெண்டு தடவை. வேற ஆளைக் காட்டுன்னு திரும்பி வந்துடுச்சு."

"அப்ப காட்டுங்க! தெருவுல எல்லாரையும் பாத்தாச்சே!"

அவர் நோட்டுப்புத்தகத்தை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "எல்லாரையும் பாக்கல. இன்னும் ஒருத்தரு பாக்கி" என்றார். கண்கள் ஜன்னல் பக்கம் இருந்தன.

எனக்குப் பதினேழு வயதில் இருபத்தொரு நாள் விஷக்காய்ச்சல், டைபாய்டேதான், வந்து, முடியெல்லாம் கொட்டிப் பிழைத்தேன். அது எனக்கு அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? அதுதான் நிஜம். அகப்பையும், கொதித்த பாலும், நின்றுபோன காய்ச்சலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன.

"நான் குடுத்த புட்டி என்னுது இல்ல சார்" என்றேன். "எங்கக்கா குழந்தையோடது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை வயித்துல குடியிருக்கிறது வேற ஆளுங்க. மைக்ராஸ்கோப்புல பாத்த அன்னைக்கே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் மூணு வாரம் சும்மா இருந்தீங்களா? அந்தப் பொம்பள வாசல்ல நிக்கிறா, சார்! தெனம் நிக்கிறா!"

"ஒரு பொம்பளைகிட்ட, இது உங்களுது இல்லைன்னு எப்படிங்க கேக்குறது?" என்றார். அவர் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. பெண் வீட்டில் பலகாரத் தட்டுக்கு முன்னால் குடலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிய மனுஷர்! மேசையிலிருந்த புட்டியை எடுத்து அவர்மேல் எறியலாம் போலிருந்தது. என் மானத்தை மூடி வைக்க இன்னொருத்தியின் பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறார். அந்தக் கோபம்தான் இன்றைக்கும் தீரவில்லை. அதில் முக்கால் பங்கு என்மேல் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

மறுநாள் விடிந்ததும் என்னுடையதைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். துணி சுற்றவில்லை, ஒன்றும் செய்யவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு "நன்றிங்க" என்றார். அடுத்த நாள் மத்தியானம் தட்டில், சிவப்புக்கு நடுவே நீலம் நீலமாக ஏழெட்டுப் புள்ளிகள். அதில் ஒன்றைக் கண்ணாடித் துண்டில் எடுத்து, சோதனை மருந்து ஒரு சொட்டு விட்டார். பால் திரிவது போல் திரிந்தது. அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை.

"பேர் எழுதணுமா சார்?"

"எழுதணும்ங்க."

"எழுதுங்க."

எழுதினார். பேனா ஓரிடத்தில் மையைக் கொட்டிவிட்டது. அந்தத் தாளை நானே எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, பத்ருன்னிசாமேல் போட்ட உத்தரவை அடித்தார். என்னை இனிமேல் பால் நிலையத்துக்கும் வார்டில் சாப்பாட்டுப் பக்கத்துக்கும் போகக் கூடாது என்று எழுதினார். சரியான உத்தரவு. அதற்குப்பின் நான் ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரியில் துணி எண்ணிக்கொண்டும் பதிவேடு எழுதிக்கொண்டும் இருந்தேன். அற்புதராஜ் எட்டு வருஷம் என் கிருமியை அந்தக் கடற்பாசித் தட்டில் வளர்த்து, எதனால் அதை விரட்டலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றாலும் முடியவில்லை. அவர் நோட்டுப்புத்தகங்களில் இரண்டு முழுக்க நான்தான். பெயர் போடவில்லை, 'ஒரு பெண்மணி' என்று எழுதியிருப்பார்.

அன்றைக்கு அதிகாரி அறையிலிருந்து நேராக வார்டுக்குப் போனேன். பத்ருன்னிசா வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். வேறொரு நர்ஸ் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தாள். அதை இந்தம்மாவிடம் கொடு என்றேன். பத்ருன்னிசா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "என்கிட்டதான் இருந்திச்சு. பால் வழியா நாந்தான் குடுத்திருக்கேன், உங்க பிள்ளைக்கும் மத்த பிள்ளைங்களுக்கும். எனக்குத் தெரியாது. ஆனா மொதல்லயே நான் ஒழுங்கா புட்டி குடுத்திருந்தா நீங்க ஒரு நாளும் இங்க நின்னிருக்க மாட்டீங்க."

அவள் அழுவாள், திட்டுவாள், கிண்ணத்தை என் மூஞ்சியில் வீசுவாள் என்று காத்திருந்தேன். கஞ்சியின் சூட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். உள்ளே நடந்தாள். நானும் பழக்கத்தில் கூடவே இரண்டு எட்டு வைத்தேன்.

"நீங்க வெளிய நில்லுங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை.

நின்றேன். ஆரிபா தாயைப் பார்த்ததும் வாயைத் திறந்தது.